பதின்ம வயதைக் கூறு போடும் பதிவேடுகள்

புது தில்லி: 2023ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி, தீபாவளிக்கு ஐந்து வாரங்கள் இருக்கையில், பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு ஒன்று தீப்பற்றி எரிந்தது. லாரியில் வந்த பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அன்றே 14 பேர் உயிரிழந்தனர். சிகிச்சையில் இருந்தவர்களில் சிலர் அடுத்தடுத்த நாள்களில் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்து இளைஞர்கள். தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த அம்மாபேட்டை என்ற ஒரே ஊர் மட்டும் தன் பிள்ளைகள் பலரை ஒரே நாளில் இழந்தது. பண்டிகைச் செலவுக்கும் படிப்புச் செலவுக்கும் சில வாரக் கூலியை நாடி வந்த மாணவர்களும் அவர்களுள் இருந்தனர்.

கர்நாடக முதல்வர் சித்தராமையா நேரில் சென்று பார்வையிட்டார். இரு மாநில அரசுகளும் நிவாரணம் அறிவித்தன. உரிமங்கள் சோதிக்கப்பட்டன, வழக்கு நடந்தது. ஒரு பெருவிபத்துக்குப் பிறகு நம் நாட்டில் வழக்கமாக என்னென்ன நடக்குமோ அவை நடந்தன.

இந்தக் கட்டுரையின் கேள்வி வேறு. அந்தப் பிள்ளைகள் தலைநகரின் பதிவேடுகளில் யாராக எழுதப்பட்டனர்? தொழிலாளர்களாகவா, மாணவர்களாகவா, சிறார்களாகவா, பெரியவர்களாகவா? 10 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்ட ஓர் இந்தியர் காயம்பட்டாலோ, ஈய நஞ்சுக்கோ புகையிலைக்கோ ஆட்பட்டாலோ, அதை முழுமையாகக் கணக்கெடுக்கும் ஏடு எது? தேடிப் பார்த்தால், அப்படி ஓர் ஏடு இல்லை என்பதுதான் விடையாகக் கிடைக்கிறது. ஆனால் அப்படி ஒன்றை உருவாக்குவதற்கான அறிவும் அனுபவமும் பெங்களூருவில் இருக்கின்றன. அத்திப்பள்ளியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள நிமான்ஸ் நிறுவனத்தில் அந்த அனுபவம் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது.

எத்தனை கோடுகள்!

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 10 முதல் 19 வயது வரையிலான இந்தியர்கள் ஏறத்தாழ 25 கோடியே 30 லட்சம் பேர். ஐந்தில் ஒருவர். உலக சுகாதார நிறுவனம் 'வளரிளம் பருவத்தினர்' என்று வரையறுப்பது இந்த வயதினரைத்தான். மத்திய சுகாதார அமைச்சகமும் அதையே ஏற்றுக்கொண்டுள்ளது.

மற்ற அமைச்சகங்களின் கதை வேறு. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் 'இந்தியாவில் சாலை விபத்துகள்' அறிக்கையில் முதல் வயதுப் பிரிவு 18க்குக் கீழ். அடுத்தது 18 முதல் 25. மூன்று வயதுக் குழந்தையும் பதினேழு வயது மாணவனும் ஒரே கட்டத்தில் நிற்கின்றனர். பதினெட்டும் பத்தொன்பதும் வேலைக்குப் போகும் இருபத்து நான்குடன் சேர்ந்துவிடுகின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரணங்கள், தற்கொலைகள் பற்றிய ஆண்டறிக்கையோ 14க்குக் கீழ், 14 முதல் 18க்குள், 18 முதல் 30க்குள் என்று பிரிக்கிறது. இதில் பத்து முதல் பதின்மூன்று வரை ஒரு பக்கம் மறைகிறது. பதினெட்டும் பத்தொன்பதும் மறுபக்கம் மறைகின்றன. தேசிய குடும்பநல ஆய்வு பெரும்பாலும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடமே கேள்வி கேட்கிறது. 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கைக்கு இளைஞர் என்றால் 15 முதல் 29.

சட்டங்களையும் பார்க்கலாம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்தான் வளரிளம் பருவத்தினர். சிறார் நீதிச் சட்டத்துக்கும் போக்சோ சட்டத்துக்கும் 18க்கு உட்பட்ட அனைவரும் குழந்தைகள். மோட்டார் வாகனச் சட்டமோ 50 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கு 16 வயதிலேயே உரிமம் தரலாம் என்கிறது. ஒவ்வொரு சட்டமும் தன் தேவைக்கேற்பக் கோடு கிழிப்பதில் தவறில்லை. ஆனால் ஒரே பிள்ளையை ஆறு துறைகள் ஆறு விதமாக வெட்டிக்கொண்டால், முழுப் பிள்ளை எந்தத் துறையிடமும் இருப்பதில்லை.

இத்தனைக்கும் தில்லி இதை அறியாமல் இல்லை. 2014 ஜனவரி 7ஆம் தேதி தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் ஆறு பொருள்களை முன்னுரிமையாக அறிவித்தது. ஊட்டச்சத்து, பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம், மனநலம், போதைப்பொருள் பயன்பாடு, தொற்றா நோய்கள் ஆகியவற்றுடன் 'காயங்களும் வன்முறையும்' அதில் ஒன்று. ஒரு மத்திய அரசுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே வளரிளம் பருவத்தினரின் காயங்கள் இடம்பெற்றது சிறிய செய்தியன்று.

பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அத்திட்டத்தின் பெயரைச் சொன்னால் மாவட்ட அளவில் நினைவுக்கு வருபவை வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையும் மாதவிடாய்த் துணிப்பட்டையும்தான். அவை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாத்திரையை எண்ணலாம், பொட்டலத்தை எண்ணலாம். ஆகவே அவை அறிக்கையில் ஏறின. கை முறிந்த பையனை எண்ணுவதற்கு வழி செய்யப்படவில்லை. ஆகவே அவன் ஏறவில்லை. 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 19 வயது வரையிலான 1,12,000க்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்தது. வளரிளம் பருவத்தினரில் 28 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று துல்லியமாகச் சொன்னது. பெரிய அளவில், இதே வயதினரிடம், வீடு வீடாகச் சென்று அளவெடுக்க இந்நாட்டால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

ஒருவர் இறந்தால் எத்தனை பேர் காயம்?

பெங்களூருவுக்கு வருவோம். நிமான்ஸ் எனப்படும் தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம், 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. மனநல மருத்துவமனையாகவே பலருக்கும் அதைத் தெரியும். ஆனால் நகரத்துச் சாலைகளில் தலையில் அடிபட்டவர்கள் இரவும் பகலும் கொண்டுவரப்படும் இடமும் அதுதான். அந்த வாசலில் நின்றபடி, அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை தருவதோடு அவர்கள் எங்கே, எப்படி, எந்த வண்டியில், தலைக்கவசம் அணிந்தா அணியாமலா அடிபட்டனர் என்று எழுதிவைக்கத் தொடங்கியவர்கள் அங்குள்ள நோய்ப்பரவலியல் துறையினர். அத்துறையை நெடுங்காலம் நடத்தியவரும் பின்னர் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவருமான டாக்டர் ஜி.குருராஜ் இந்தப் பணியின் முதன்மையான பெயர்.

2007ஆம் ஆண்டு வாக்கில் நகரக் காவல் துறையையும் அரசு, தனியார் மருத்துவமனைகளையும் ஒருங்கிணைத்துக் காயக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை அத்துறை நடத்திக் காட்டியது. திட்டத்தின் அடிப்படை எளியது. அவசர சிகிச்சைப் பிரிவில் ஏற்கெனவே எழுதப்படும் விவரங்களோடு சில கேள்விகளைச் சேர்த்து, எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே படிவமாக்கி, காவல் நிலையப் பதிவோடு ஒப்பிட வேண்டும். பெங்களூரு சாலைகளில் இறப்பவர்களில் பெரும்பாலோர் கார்களில் செல்பவர்கள் அல்லர். நடந்து செல்பவர்கள், இருசக்கர வண்டியோட்டிகள், மிதிவண்டிக்காரர்கள் என்பது இத்தகைய பதிவுகளால் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. மேம்பாலத்துக்கு ஒதுக்கப்படும் பணத்தையும் நடைபாதைக்கு ஒதுக்கப்படும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பின் அரசியல் புரியும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர், 4,43,366 பேர் காயமுற்றனர் என்பது அமைச்சகத்தின் அறிக்கை. அதாவது, ஒருவர் இறந்தால் ஏறத்தாழ 2.6 பேருக்குக் காயம். ஆனால் தில்லி ஐஐடியில் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்கு வாழ்நாளைச் செலவிட்ட மறைந்த பேராசிரியர் தினேஷ் மோகன், நம் நாட்டு ஆய்வுகளைக் கொண்டு எடுத்துச்சொன்ன விகிதம் இது: ஒருவர் இறந்தால் மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் காயம்பட்டவர் ஏறத்தாழ 15 பேர், சிறு காயத்தோடு தப்பியவர் 70 பேர். பதினைந்தும் எழுபதும் எங்கே, இரண்டரை எங்கே? இறந்தவரைக் காவல் நிலையம் மறைக்க முடியாது. பிணக்கூறாய்வு நடந்தாக வேண்டும். காயம்பட்டவர் மறைந்துவிட முடியும்.

அதே 2022ஆம் ஆண்டில் சாலையில் இறந்த 18க்கு உட்பட்டவர்கள் 9,528 பேர் என்கிறது அமைச்சகம். ஒரு நாளைக்கு 26 பேர். மேற்சொன்ன விகிதம் எல்லா வயதினருக்குமானது. சிறுவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. எனினும் பதினைந்தால் பெருக்கிப் பார்த்தால் ஒன்றரை லட்சத்தை நெருங்குகிறது. அவர்களுள் எத்தனை பேர் மறுபடி பள்ளிக்குப் போனார்கள், எத்தனை பேருக்குக் கால் நிரந்தரமாகக் குட்டையாயிற்று, எத்தனை பேருக்குத் தலைக்காயத்துக்குப் பின் படித்தது மனத்தில் நிற்கவில்லை என்பதை நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேட்டால், பதிலளிக்க எந்த அமைச்சரின் கோப்பிலும் தாள் இருக்காது.

கேள்வி கேட்பதில் உள்ள கஷ்டம்

மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணுவது ஒரு வழி. வராதவர்களை அறிய, பள்ளியிலோ வீட்டிலோ சென்று கேட்பது மற்றொரு வழி. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையமும் இணைந்து உருவாக்கிய உலகப் பள்ளி மாணவர் நல ஆய்வு 2003 முதல் பல நாடுகளில் நடந்து வருகிறது. கடுமையான காயம் என்றால் என்ன என்பதற்கு அதில் தெளிவான இலக்கணம் உண்டு: வழக்கமான வேலைகளை ஒரு முழு நாளாவது செய்ய முடியாமற்போயிருக்க வேண்டும், அல்லது மருத்துவரோ செவிலியரோ சிகிச்சை தந்திருக்க வேண்டும். முட்டி சிராய்ப்பையும் எலும்பு முறிவையும் ஒன்றாக்கிவிடாமல் இருக்க இந்த ஒரு வரி போதும். எப்படி ஏற்பட்டது, எந்த உறுப்பில் என்ற கேள்விகள் அடுத்து வரும்.

அந்த ஆய்வு இந்தியாவிலும் 2007இல் நடந்தது. எட்டாயிரத்துக்கும் சற்று அதிகமான மாணவர்கள் பங்கேற்றனர். ஆனால் அது மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துடன் இணைந்த பள்ளிகளில் மட்டும் நடந்த ஆய்வு. அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. பெங்களூருவின் மாநகராட்சிப் பள்ளியும், ஓசூர் சாலையோரக் கன்னட, தமிழ் வழி அரசுப் பள்ளிகளும் அதில் வராது.

இன்னொரு சிக்கல் நினைவு. 'கடந்த 12 மாதங்களில் உனக்குக் காயம் ஏற்பட்டதா' என்று கேட்டால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எதுவரை நினைவிருக்கும்? 1999இல் வெளியான கானா நாட்டு ஆய்வு ஒன்று இதை அளந்து பார்த்தது. கடந்த ஒரு மாத நினைவை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது ஆண்டுக்கு நூறு பேருக்கு 27.6 காயங்கள் என்று வந்தது. பன்னிரண்டு மாத நினைவைக் கேட்டபோது அதே மக்களிடம் கிடைத்தது 7.6 மட்டுமே. பெருங்காயங்கள் மறப்பதில்லை, சிறியவையும் நடுத்தரமானவையும் மறந்துபோகின்றன. எனவே கேள்வியின் கால அளவை மாற்றினாலே ஒரு நாட்டின் காயக் கணக்கை மூன்று மடங்கு கூட்டலாம், குறைக்கலாம். ஆட்சியாளர்கள் இதை அறிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்று சில சமயம் தோன்றுகிறது.

பின்னத்தில் தொகுதி மட்டும் இருந்து பகுதி இல்லாவிட்டால் பொருள் இல்லை. எத்தனை பேர் காயம்பட்டனர் என்பது தொகுதி. எத்தனை பேர், நாளில் எவ்வளவு நேரம், எந்த ஆபத்தின் நடுவே இருந்தனர் என்பது பகுதி. ஆண் பிள்ளைகளுக்குச் சாலைக் காயம் அதிகம் என்று மருத்துவமனைப் பதிவு சொன்னால், அவர்கள் முரடர்கள் என்று முடிவு கட்டிவிடலாம். வண்டியை அவர்களிடம் மட்டுமே கொடுக்கிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். அளந்தால்தான் தெரியும். வாய்த் தகவலில் 'நலக்கேட்டுக்கு ஆட்படுதல்' என்று இத்துறையினர் குறிப்பிடுவது இதைத்தான்.

மருத்துவமனைப் பதிவுக்குள்ளேயே இன்னொரு ஓட்டை இருக்கிறது. 'தொடை எலும்பு முறிவு' என்று நோயாளிச் சீட்டில் எழுதப்படும். எப்படி முறிந்தது என்பதற்கு நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டில் தனிக் குறியீடுகள் உண்டு. ஆனால் கூட்டம் நிரம்பிய அரசு மருத்துவமனையில் அந்தக் கட்டத்தை நிரப்ப யாருக்கு நேரம்? நேரம் இருந்தாலும் உண்மை கிடைக்குமா என்பது வேறு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவருக்கு 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. சட்டத்தின் நோக்கம் சரியே. ஆனால் இத்தனை தண்டனை காத்திருக்கையில், பதினாறு வயது மகனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடிவரும் தந்தை எம்.எல்.சி. பதிவில் என்ன சொல்வார்? மாடிப்படியில் விழுந்தான் என்று சொன்னால் வியப்பில்லை. தண்டனை கூடக்கூட உண்மை குறையும். அளப்பவர்கள் இதைக் கணக்கில் கொண்டே ஆக வேண்டும்.

தலைக்கவசத்துக்கும் இது பொருந்தும். நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் இருசக்கர வண்டியில் கவசம் அணிந்தாக வேண்டும் என்பது மத்தியச் சட்டம். பின்னால் அமர்பவருக்கும் கட்டாயம் என்று கர்நாடகம் 2016 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. காலை எட்டு மணிக்குப் பெங்களூருவின் எந்தப் பள்ளி வாசலிலும் நின்றால், அப்பாவின் தலையில் கவசமும் பின்னால் மகளின் தோளில் புத்தகப் பையும் தெரியும். ஆண்டுக்கு இருமுறை சில பள்ளி வாசல்களில் எண்ணிப் பார்க்கப் பெரிய செலவு ஆகாது.

பள்ளிக்கு வெளியே

அளவீட்டில் முற்றிலும் விடுபடுபவர்கள் பள்ளியில் இல்லாத பிள்ளைகள். பட்டறைகளில், உணவகச் சமையற்கட்டுகளில், கட்டுமானத் தளங்களில், தையல் ஆலைகளில் வயதைக் கூட்டிச் சொல்லி வேலை பார்ப்பவர்கள். பெங்களூருவை அடுத்த ராமநகரம், மாகடி, சென்னபட்டணம் பகுதிகளின் பட்டு நூற்பு நிலையங்களைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டு விரிவான அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரத்து நெசவுக் கூடங்களும் அதில் இடம்பெற்றன. கொதிநீரில் கையை விட்டுப் பட்டுக்கூட்டின் இழையைத் தேடும் சிறு விரல்களின் கொப்புளங்களும், புகையும், நீராவியும் அதில் எழுதப்பட்டன. தினமும் நிகழும் அந்தக் காயம் எந்த மருத்துவமனைச் சீட்டிலும் ஏறாது. ஏனெனில் அதற்காக யாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை.

2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14க்குக் கீழ் எல்லா வேலைக்கும் தடை என்றது. குடும்பத் தொழிலுக்கு விலக்கு அளித்தது. 14 முதல் 18 வரை சுரங்கம், எரியும் பொருள்கள் மற்றும் வெடிபொருள்கள், தொழிற்சாலைச் சட்டத்தில் குறிப்பிட்ட அபாயகரமான செயல்முறைகள் ஆகியவற்றுக்கு மட்டும் தடை. மற்ற வேலைகளில் பதினைந்து வயதுப் பையன் சட்டப்படியே இருக்கலாம். சட்டப்படி இருப்பவனுக்கு ஏற்படும் காயத்தையாவது கணக்கெடுக்கும் பொறுப்பு தொழிலாளர் துறைக்கு வந்திருக்க வேண்டாமா?

பெங்களூரு கற்றுத்தந்த பாடம்

அளவீடு அரசை அசைக்கும் என்பதற்கு இதே நகரில் முன்னுதாரணம் உண்டு. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஜார்ஜ் அறக்கட்டளை 1990களின் இறுதியில் சென்னை, வேலூர் உள்ளிட்ட ஏழு நகரங்களில் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதித்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 10 மைக்ரோகிராம் என்று அன்று வகுக்கப்பட்டிருந்த எல்லைக்கு மேல் ஈயம் இருந்தது. அதன் முடிவுகள் 1999இல் வெளிவந்தன. 2000 பிப்ரவரியிலிருந்து நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்பட்டது. அந்த ஓர் ஆய்வே காரணம் என்று சொல்ல முடியாது. நீதிமன்றத்தின் அழுத்தமும் தில்லியின் காற்று மாசும் முன்பே வேலை செய்துகொண்டிருந்தன. ஆனால் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசியவர்களின் குரல் கேட்கப்பட்டது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் துப்பில் வெங்கடேஷ் தலைமையில் ஈய நஞ்சுக்கான தேசிய ஆலோசனை மையம் அமைந்தது. வீட்டுச் சுவர்ப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற மத்திய அரசின் விதி வந்தது 2016இல்.

திரும்பத் திரும்ப அளந்தால் என்ன தெரியும் என்பதற்குப் புகையிலை ஒரு சான்று. 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நடத்தப்படும் உலக இளையோர் புகையிலை ஆய்வில், இந்தியாவில் ஏதேனும் ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவோர் 2009இல் 14.6 சதவீதம், 2019இல் 8.5 சதவீதம். கர்நாடகத்தில் 1.2 சதவீதம்தான் என்றது 2019ஆம் ஆண்டு ஆய்வு. வகுப்பறையில் உட்கார்ந்து எழுதும் பதில் எவ்வளவு உண்மை என்ற ஐயம் இருக்கலாம். இருந்தாலும் ஒரே கேள்வியைப் பத்தாண்டு இடைவெளியில் கேட்டதால் போக்கு தெரிந்தது. காயங்களுக்கு இப்படி ஒரு தொடர் வரிசை நம்மிடம் இல்லை.

மனத்துக்குள் ஏற்படும் காயத்தின் நிலையும் அதுவே. நிமான்ஸ் நடத்திய 2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகவும் பெருநகரங்களில் அது 13.5 சதவீதம் என்றும் கண்டது. ஆனால் அந்த ஆய்வில் பேட்டி காணப்பட்ட பெரியவர்கள் 34,802 பேர். வளரிளம் பருவத்தினர் 1,191 பேர். இந்த இரண்டு எண்களின் இடைவெளியே நிறையச் சொல்கிறது. 2022இல் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அது வயதைக் குறிப்பதன்று, தொழில் வகையைக் குறிப்பது. கல்லூரி மாணவரும் அதில் உண்டு, படிப்பை நிறுத்திவிட்ட பதினாறு வயதுப் பெண் அதில் இல்லை. (நிமான்ஸை உச்ச மையமாகக் கொண்டு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் யாரும் கட்டணமின்றி அழைக்கலாம்.)

இதே நிமான்ஸ் வழிநடத்த, பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து, 6 முதல் 23 வயது வரையிலான ஏறத்தாழ பத்தாயிரம் பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்றும் தொடங்கப்பட்டது. பெங்களூரு, மைசூரு, ரிஷி வேலி, சண்டிகர், கொல்கத்தா, இம்பால் ஆகிய இடங்கள் அதில் உள்ளன. குடும்பச் சூழல், வன்கொடுமை, போதைப் பழக்கம் ஆகியவற்றோடு ஈயம், ஆர்சனிக் போன்ற நஞ்சுகளுக்கு ஆட்படுவதும் அதில் அளக்கப்படுகிறது. 'வளரும் பிள்ளையின் மீது எதெதெல்லாம் வந்து படிகிறது' என்று ஒரே ஏட்டில் எழுத முயன்ற இந்திய ஆய்வுகளில் இது பெரியது. ஆய்வாளர்களால் ஏழு மையங்களில் செய்ய முடிந்ததை அரசால் ஏழு மாவட்டங்களில் செய்ய முடியாதா?

பணம் வரும் வழியில் கணக்கும் வரும்

முற்றிலும் நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. சென்னை ஐஐடி உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத் தளம் முதலில் செயற்படுத்தப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழகமும் கர்நாடகமும் உண்டு. விபத்து நடந்த இடத்திலிருந்தே காவலர் கைப்பேசியில் விவரம் ஏற்றுகிறார். கர்நாடகம் 2016இல் தொடங்கிய ஹரீஷ் சாந்த்வனா திட்டம், சாலையில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 25,000 ரூபாய்வரை ஏற்றுக்கொண்டது. 2021 டிசம்பரில் தமிழகம் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை ஒரு லட்சம் ரூபாய் வரம்புடன் தொடங்கியது. 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாள்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவிக்கை செய்தது.

அரசு பணம் கொடுக்கும் இடத்தில் மருத்துவமனை கணக்குக் கொடுத்தே தீரும். இதுவரை காவல் நிலையத்துக்குப் போகாமல் மறைந்த காயங்கள் இனி பில்லோடு வரும். சாலைக் காயங்களுக்காவது இது நடக்கும். பட்டறையிலும் கிடங்கிலும் கிணற்றிலும் அடுப்படியிலும் படும் காயங்களுக்கு அப்படி ஒரு வழி இன்னும் திறக்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவின் படிவத்தில் 'பள்ளியில் படிக்கிறாரா, வேலை செய்கிறாரா, எங்கே அடிபட்டார்' என்ற கட்டங்களைக் கட்டாயமாக்க ஒரு சுற்றறிக்கை போதும். அதை வெளியிடும் அதிகாரம் சுகாதார அமைச்சகத்திடமும் மாநில அரசுகளிடமும் இருக்கிறது.

வயதைக் கூறு போடும் வேலையும் மருத்துவமனையிலோ காவல் நிலையத்திலோ நடப்பதன்று. அங்கெல்லாம் வயதைப் பதினேழு, பதினெட்டு என்று எண்ணிட்டே எழுதுகின்றனர். தில்லியில் அறிக்கை அச்சாகும்போதுதான் அது '14 முதல் 18க்குள்' என்றும் '18 முதல் 30க்குள்' என்றும் ஆகிறது. அத்திப்பள்ளியில் இறந்தவர்களின் வயதும் பிணக்கூறாய்வு அறிக்கையில் முழு எண்ணாகவே இருக்கும். குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் தீ விபத்து மரணங்களுக்கான அட்டவணை இருக்கிறது. அதற்குள் பட்டாசுக்குத் தனி வரியும் இருக்கிறது. விடுமுறையில் கூலிக்கு வந்த மாணவன் என்று குறிக்க அந்த அட்டவணையில் கட்டம் இல்லை.